ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கூலர் பைப்: பழைய வண்டியில் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் விழத் தாமதமானாலோ, ஏற்றத்தில் வழுக்கினாலோ, அடியில் சிவப்பாக ஆயில் சொட்டினாலோ, "கியர்பாக்ஸ் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதை இறக்கிப் பிரிப்பதற்கு முன்னால், கியர்பாக்ஸுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓடும் இரண்டு மெல்லிய பைப்புகளைப் பார்த்துவிடுங்கள். வயதான வண்டியில் அவைதான் முதலில் துருப்பிடிக்கின்றன, கசிகின்றன, அடைத்துக்கொள்கின்றன. பைப்பை மாற்றுவது சின்ன வேலை. கவனிக்காமல் ஓட்டினால் அதே பைப் ஒரு நல்ல கியர்பாக்ஸைச் சாகடித்துவிடும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆயில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். கியர்பாக்ஸ் ஆயில், அதாவது ஏ.டி.எஃப்., எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து சூடாக வெளியே வரும். ஒரு பைப் வழியாக ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளோ அடித் தொட்டிக்குள்ளோ இருக்கும் சின்னக் கூலருக்குப் போகும். சுற்றியுள்ள கூலன்ட் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆறிய ஆயில் இன்னொரு பைப்பில் திரும்பி வரும். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: திரும்பி வரும் ஆயில் பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் நேரே சம்ப்பில், அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டியில், விழுவதில்லை. உள்ளே இருக்கும் புஷ், பேரிங், பிளானட்டரி கியர்களுக்கு மசகாகப் போகிறது. ஆகவே கூலர் அடைத்தால் சூடு ஏறுவதோடு நிற்காது, உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசவும் ஆரம்பிக்கும்.

பைப்புகள் பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது 9.5 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஸ்டீல் பைப்புகள். எஞ்சின் ஆட்டத்தைத் தாங்குவதற்காக நடுவிலோ முனையிலோ ரப்பர் ஹோஸ் சேர்த்திருப்பார்கள்.

முதலில் ஆயில் மட்டம்

அறிகுறி எதுவானாலும் முதல் வேலை டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் காட்டும் கம்பியை, உருவிப் பார்ப்பதுதான். ஆனால் முறை வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலானவற்றில் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஆயில் சூடாகியிருக்க வேண்டும், எஞ்சின் ஐடிலில் ஓட, லீவர் பார்க்கில் இருக்க வேண்டும். பழைய கிரைஸ்லர் கியர்பாக்ஸ்களில் நியூட்ரலில் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினைச் சூடாக்கி, நிறுத்திய கையோடு பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத கியர்பாக்ஸ் என்றால், குறிப்பிட்ட ஆயில் சூட்டில் லெவல் பிளக்கைத் திறந்து பார்க்கும் முறைதான். உங்கள் வண்டிக்கு எது என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான முறையில் பார்த்த மட்டத்தை நம்பி ஆயில் ஊற்றினால் இன்னொரு கோளாறு வந்து சேரும்.

எஞ்சின் ஆயில் போல ஏ.டி.எஃப். எரிந்து தீர்வதில்லை. மட்டம் குறைந்திருந்தால் எங்கோ வெளியேறுகிறது, அவ்வளவுதான். மட்டம் அதிகமிருந்தால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். அது பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகப் பொங்கி வெளியே வழியும். பார்ப்பதற்கு அப்படியே பைப் கசிவு போலத்தான் இருக்கும்.

டிப்ஸ்டிக் முனையிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் சூடேறியிருக்கிறது. ஸ்ட்ராபெரி பால் போல இளஞ்சிவப்பாக, கலங்கலாக இருந்தால் வேறு எதையும் படிக்காமல் நேரே கீழே ‘இளஞ்சிவப்புப் பால்’ என்ற பகுதிக்குப் போங்கள். அதுவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

நிறுத்திய இடத்தில் சிவப்புத் துளி

இரவில் ஒரு பெரிய அட்டையை விரித்து அதன்மேல் வண்டியை நிறுத்துங்கள். முன் சக்கரம் இருக்கும் இடத்தை அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் துளி ரேடியேட்டருக்கு நேர்கீழே இருந்தால் சந்தேகம் அங்குள்ள யூனியன்மேல், அதாவது பைப்பை நட்டு போட்டுப் பூட்டும் இணைப்பின்மேல். ரேடியேட்டருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடைப்பட்ட வழியில் என்றால் பைப் அல்லது ஹோஸ். கியர்பாக்ஸுக்கு அடியில் என்றால் அவசரப்படாதீர்கள். அங்கே சம்ப் கேஸ்கெட், ஷிஃப்ட் ஷாஃப்ட் சீல், கன்வெர்ட்டர் சீல் என்று வேறு பல பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொரு குழப்பம்: பல பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே ஏ.டி.எஃப்.தான் ஊற்றியிருப்பார்கள். நிறத்தை வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டு மட்டத்தையும் குறித்துவைத்து, சில நாள் கழித்து எது இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். அதனால் துளி விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டிகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, எஞ்சினை ஓடவிட்டு டார்ச்சோடு பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களிலேயே மிக உயரத்தில், மிக முன்னால் இருப்பது எதுவோ அதுதான் ஊற்றுக்கண். கசிவு மெல்லியதாக இருந்தால் டால்கம் பவுடரைத் தூவிவிட்டால் நனைந்த தடம் தெளிவாகத் தெரியும். அதிலும் சிக்காவிட்டால் ஏ.டி.எஃப்.புக்கென்று விற்கும் புற ஊதாச் சாயத்தைக் கலந்து, அதற்கான விளக்கில் பார்க்கலாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும் ஒரு முறை பாருங்கள், சூடான பிறகும் ஒரு முறை பாருங்கள். குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் பைப்பில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். சில கசிவுகள் அப்போது மட்டுமே தலைகாட்டும். வேறு சில, ரப்பர் இளகிய பிறகுதான் ஆரம்பிக்கும். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்கு அணை வைத்துவிட்டுப் போங்கள்.

என் அனுபவத்தில் பழைய வண்டியில் திரும்பத் திரும்பக் கசியும் இடங்கள் இவை.

ரப்பர் ஹோஸும் ஸ்டீல் பைப்பும் சேரும் இடத்தில் ஓர் உலோக வளையத்தை அழுத்திப் பூட்டியிருப்பார்கள். அந்த வளையத்தின் விளிம்பைக் கவனியுங்கள். தூசியும் ஆயிலும் சேர்ந்து கறுப்புப் பசையாக ஒரு வட்டம் கட்டியிருக்கும். துடைத்துவிட்டு, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். விளிம்பில் வியர்த்தாற்போல் சிவப்பு ஈரம் பூத்தால் ரப்பர் உள்ளுக்குள் இறுகிச் சுருங்கிவிட்டது. அதன் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பயனில்லை. அந்த ஹோஸை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, பைப்பை எஞ்சின் பிளாக்கிலோ சேஸிஸிலோ பிடித்திருக்கும் கிளிப். வெளியே பார்க்கப் பைப் நன்றாகத்தான் இருக்கும். கிளிப்பைக் கழற்றினால் அடியில் சேறும் ஈரமும் தங்கி, அந்த ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் துரு பொருக்காக எழும்பியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிப் பார்க்கலாம். ஆனால் மாற்றுப் பைப் கையில் இருக்கும்போது சுரண்டுங்கள், ஏனென்றால் பொருக்கு உதிர்ந்த இடத்தில் ஊசித்துளை திறந்துகொண்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

ரேடியேட்டர் யூனியனில் கசிந்தால் உடனே ஸ்பேனரை எடுத்து இறுக்காதீர்கள். முதலில் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டைப் பாருங்கள். மவுண்ட் தளர்ந்த வண்டியில் எஞ்சின் ஒவ்வொரு முறை கியர் விழும்போதும் குலுங்கும். ரேடியேட்டரோ பாடியோடு அசையாமல் நிற்கும். நடுவே இருக்கும் பைப் வளைந்து நிமிர்ந்து, கடைசியில் நட்டுக்குப் பின்னால் இருக்கும் கழுத்தில் விரிசல் விடும். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் அழுத்திப் பிடித்தபடி லீவரை டி-க்கும் (டிரைவ்) ஆர்-க்கும் (ரிவர்ஸ்) மாற்றச் சொல்லுங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எஞ்சின் தூக்கிப் போட்டால் மவுண்டையும் சேர்த்து மாற்றாதவரை புதுப் பைப்பும் அதே இடத்தில் விட்டுப்போகும்.

அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் குயிக் கனெக்டர் இருந்தால் உள்ளே ஓ-ரிங் இறுகிப்போயிருக்கும், அல்லது பிடிப்பு கிளிப் விரிந்திருக்கும். பைப்பை மெல்ல இழுத்து அசைத்துப் பாருங்கள். தாராளமாக ஆடினால் கிளிப்பையும் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள்.

தீய்ந்த வாடை, பானெட்டுக்கடியிலிருந்து புகை

கசிந்த ஆயில் புகைக்குழாயின்மேல் விழுகிறது என்று அர்த்தம். சூடான எக்ஸாஸ்ட்டில் ஏ.டி.எஃப். தீப்பிடிக்கும். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். கசிவை அடைக்கும்வரை வண்டியை ஓட்டாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் சரி; "வீடுவரை ஓட்டிவிடலாம்" என்ற கணக்கு இதில் வேண்டாம்.

காலையில் கியர் விழத் தாமதம், வளைவில் வழுக்கல், ஊளைச் சத்தம்

டி-யில் போட்டு இரண்டு மூன்று விநாடி கழித்து வண்டி நகர்கிறது. அல்லது வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடித்து மறுபடி அழுத்தும்போதும் எஞ்சின் வேகம் ஏறுகிறது, வண்டி ஏறுவதில்லை. கூடவே ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப உயர்ந்து இறங்கும் ஓர் ஊளை கேட்கிறது. இவை மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஆயில் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. சரியான ஏ.டி.எஃப்.பைச் சரியான மட்டத்துக்கு ஊற்றிப் பாருங்கள். சரியானால் கோளாறு கசிவில்தான். மேலே சொன்னபடி தேடுங்கள். மட்டம் நிறைந்தும் ஊளை நிற்காவிட்டால் உள்ளிருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

மட்டம் சரியாக இருந்தும் இரவு முழுக்க நின்ற பிறகு மட்டும் தாமதம் வந்தால், கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடுகிறது. இதைத் தடுக்கச் சில வண்டிகளில் கூலர் பைப்பிலேயே ஒருவழி வால்வு வைத்திருப்பார்கள். யாராவது பைப்பை மாற்றும்போது அந்த வால்வு பழைய பைப்போடு போய்விட்டிருக்கும். அதே வால்வு குப்பையால் அடைத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ்: காலையில் கியர் ஒழுங்காக விழும், ஆனால் கூலருக்கு ஆயிலே போகாது. இரண்டில் இரண்டாவதுதான் ஆபத்தானது.

வால்வும் மட்டமும் சரி, பைப்பும் காய்ந்து சுத்தமாக இருக்கிறது, இருந்தும் வழுக்குகிறது என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குள்தான். பைப்பை விட்டுவிடுங்கள்.

இளஞ்சிவப்புப் பால்

இதைத்தான் மிகவும் பயந்து அணுக வேண்டும். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் விரிசல் விட்டு, கூலன்ட்டும் ஏ.டி.எஃப்.பும் கலந்துவிட்டன. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் ஆயில் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் பம்ப் நின்றுவிடும். ஆனால் சூடான ரேடியேட்டரில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இன்னும் இருக்கும். அது கூலன்ட்டைக் கியர்பாக்ஸுக்குள் தள்ளும். ஆகவே இரண்டு இடத்திலும் பாருங்கள்: டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்புக் கலங்கல், கூலன்ட் ரிசர்வாயர் மூடியின் அடியில் பிசுபிசுப்பான பழுப்புப் பசை. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

இப்படிக் கலந்தால் என்ன ஆகும்? கிளட்ச் பிளேட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை காகித இழையால் ஆனது. தண்ணீர் பட்டால் அது ஊறி உப்பும், கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் அதைப் பிடித்திருக்கும் பசையை இளக்கும், பட்டை பெயர்ந்து வரும். ஒரு நாள் ஆயிலை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண முடியாது. உடனே கண்டுபிடித்து, ஓட்டாமல் நிறுத்தி, ரேடியேட்டரை மாற்றி, கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் உட்பட முழுவதையும் பலமுறை மாற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு. பல நாள் அப்படியே ஓடிய கியர்பாக்ஸ் என்றால் பிரித்துக் கிளட்ச் பிளேட் மாற்றாமல் முடியாது.

2005 முதல் 2010 வரை வந்த நிசான் பாத்ஃபைண்டர், ஃப்ரன்டியர், எக்ஸ்டெரா வண்டிகளில் இந்தக் கோளாறு பரவலாக வந்து, அந்த ரேடியேட்டருக்கு உத்தரவாதக் காலத்தை நிறுவனம் நீட்டித்தது. அந்த மாடல் வைத்திருப்பவர்களும், வயதான ரேடியேட்டரோடு ஓட்டுகிற மற்றவர்களும், பால் நிறம் வரும்வரை காத்திருக்காமல் ரேடியேட்டரை முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. சிலர் உள் கூலரைத் தவிர்த்துவிட்டு, காற்றில் ஆறும் தனிக் கூலரை முன்னால் பொருத்திக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு வழிதான். ஆனால் கடுங்குளிர் உள்ள இடங்களில் ஆயில் சூடேறவே நேரம் எடுக்கும், ஏனென்றால் ரேடியேட்டர் கூலர் ஆயிலை ஆற்றுவதோடு குளிரில் சூடேற்றவும் செய்கிறது.

குறைந்த தூரத்தில் சரி, நீண்ட ஓட்டத்தில் மட்டும் கோளாறு

அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிய வண்டி, ஏற்றத்திலோ நெரிசலிலோ சூடேறியதும் முரட்டுத்தனமாகக் கியர் மாற்றுகிறது, வழுக்குகிறது, ஆயில் சீக்கிரமே கறுக்கிறது. கசிவு எதுவும் இல்லை. இங்கே பார்க்க வேண்டியது ஓட்டம். ஆயில் சாதாரணமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருக்கும். 120 டிகிரியைத் தாண்டி நீடித்தால் வேகமாகக் கெடும், சீல்களும் இறுகும்.

முதலில் கண்ணால் தேடுங்கள். பைப் எங்காவது நசுங்கியிருக்கிறதா? வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது தவறுதலாகப் பைப்பின்மேல் முட்டுக் கொடுத்து நசுக்குவது உண்டு. ரப்பர் ஹோஸ் கூர்மையாக மடிந்திருக்கிறதா? தனிக் கூலர் இருந்தால் அதன் முகத்தில் பூச்சியும் மண்ணும் அப்பியிருக்கிறதா? ஹோஸ் வெளியே நன்றாக இருந்து, உள்சுவர் பெயர்ந்து தொங்கி வழியை அடைப்பதும் உண்டு. விரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு ஓட்டப் பரிசோதனை. ஆயில் சூடான பிறகு எஞ்சினை நிறுத்தி, கியர்பாக்ஸுக்குத் திரும்பும் பைப்பை, கியர்பாக்ஸ் முனையில் கழற்றி, ஒரு ஹோஸை மாட்டி அளவு குறித்த பாத்திரத்துக்குள் விடுங்கள். சக்கரத்துக்கு அணை, ஹேண்ட் பிரேக், லீவர் நியூட்ரலில். பார்க்கில் வைத்துப் பார்க்காதீர்கள். கிரைஸ்லரின் பழைய டார்க்ஃபிளைட் போன்ற சில கியர்பாக்ஸ்களில் பார்க்கில் கூலருக்கு ஆயில் போகாது, நல்ல பைப்பையும் அடைப்பு என்று முடிவுகட்டிவிடுவீர்கள். இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். ஐடிலில் 20 விநாடிக்கு ஏறக்குறைய 1 லிட்டர் வர வேண்டும் என்பது பல வண்டிகளுக்குப் பொருந்தும் பொதுக் கணக்கு. மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். 20 விநாடியில் நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் சம்ப் காலியாகிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்த அளவு புது ஆயிலை ஊற்றிவிட்டுத்தான் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் சூடாகத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

குறைவாக வந்தால், அதே பரிசோதனையைக் கூலருக்குப் போகும் பைப்பில், ரேடியேட்டர் முனையில் கழற்றிச் செய்யுங்கள். அங்கே நன்றாக வந்து திரும்பும் பைப்பில் குறைந்தால் அடைப்பு கூலரில் அல்லது திரும்பும் பைப்பில். அங்கேயே குறைவு என்றால் போகும் பைப்பையும் வால்வையும் பாருங்கள். அவை சரி என்றால் பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும். எந்தப் பைப் போவது, எது வருவது என்று தெரியாவிட்டால், குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிடத்தில் இரண்டையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். முதலில் சூடேறுவது கியர்பாக்ஸிலிருந்து போகும் பைப்.

அடைத்த கூலரைக் கழுவிச் சரிசெய்யலாமா என்றால், நேர்க்குழாய்க் கூலரைத் தகுந்த திரவம் விட்டுக் கழுவலாம். தட்டடுக்குக் கூலரில் பல வழிகள் இருப்பதால் திறந்திருக்கும் வழியில் திரவம் ஓடிவிடும், அடைத்த வழி அடைத்தபடியே இருக்கும். கியர்பாக்ஸ் ஒரு முறை உள்ளே நொறுங்கியிருந்தால் கூலரைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய கூலரில் தங்கிய உலோகத் துகள் புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸின் மசகுப் பாதைக்குள் முதல் ஸ்டார்ட்டிலேயே போய்ச் சேரும்.

பைப்பை மாற்றும்போது

யூனியனைத் திறக்க ஃபிளேர் நட் ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் நட்டின் மூலையை மழுங்கடித்துவிடும். ரேடியேட்டர் பக்கத்தில் எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று ரேடியேட்டரில் இருக்கும் அடாப்டரை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் உள்ளிருக்கும் கூலரின் இணைப்பு விரிசல் விட்டு, நாமே பால் நிறத்தை வரவழைப்போம். முந்தின நாளே துருநீக்கும் ஆயிலை அடித்து வைத்தால் பாதி வலி குறையும்.

துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி, நடுவே ரப்பர் ஹோஸும் கிளிப்பும் போடுவது பரவலாக நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு இடத்தில் துளை விழுந்த பைப் அடுத்த இடத்திலும் மெலிந்துதான் இருக்கும். வேறு வழியில்லாமல் அப்படிச் செய்தால், பைப் முனையைச் சுற்றி ஒரு மேடு உருட்ட வேண்டும். வழுவழுப்பான முனையில் எத்தனை கிளிப் போட்டாலும் ஹோஸ் ஒரு நாள் நழுவும். ஹோஸ், கியர்பாக்ஸ் கூலருக்கென்று செய்ததாக, எஸ்.ஏ.இ. ஜே 1532 தரத்தில் இருக்க வேண்டும். ஹீட்டர் ஹோஸ் சூடான ஏ.டி.எஃப்.பில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். சாதாரண செம்புக் குழாயும் வேண்டாம், அதிர்வில் இறுகி உடையும். நிக்கல் கலந்த செம்புப் பைப் நல்லது: துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம். முனைக்கு இரட்டை ஃபிளேர் போடுங்கள், அதாவது விளிம்பை உள்ளே மடித்துப் புனல் போல விரியுங்கள். பித்தளை கம்ப்ரஷன் ஃபிட்டிங் இந்த இடத்துக்கு ஏற்றதில்லை. ஃபிளேர் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். உலோகத்தோடு உலோகம் பொருந்துவதுதான் அங்கே சீல்; டேப்பின் நூல் பிய்ந்து உள்ளே போனால், கியர் மாற்ற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடிக்கு ஆபத்து.

பைப்பைப் பழைய பாதையிலேயே, எல்லாக் கிளிப்பும் போட்டு, புகைக்குழாயிலிருந்து தள்ளியே கொண்டுபோங்கள். நட்டை முதலில் கையால் சில சுற்று ஓட்டிவிட்டுப் பிறகே ஸ்பேனர்.

மாற்றிய பிறகும் கசிந்தால்

நட்டு குறுக்கு மரையில் ஏறியிருக்கலாம், ஃபிளேர் கோணலாக இருக்கலாம், பழைய ஓ-ரிங் கனெக்டருக்குள்ளேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியது உட்கார்ந்திருக்கலாம். மேலும் இறுக்குவதற்கு முன் கழற்றி இவற்றைப் பாருங்கள். கழற்றியபோது சிந்திய ஆயில் சேஸிஸ் மடிப்புகளில் தங்கி இரண்டு நாள் சொட்டுவதும் உண்டு, கழுவிவிட்டால் தெரிந்துவிடும்.

எல்லாம் காய்ந்திருந்தால் ஆயில் ஊற்றி, எஞ்சின் ஓடும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டு லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி நகர்த்துங்கள். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டி மட்டத்தைச் சரிபாருங்கள். ஒரு வாரம் கழித்து மட்டத்தையும், ஒவ்வொரு யூனியனையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்தும் ஒரு முறை பாருங்கள். காகிதத்தில் சிவப்பு ஒட்டாவிட்டால் கழற்றி வைத்த அடிக் கவரை மாட்டிவிடலாம்.